சம்பளம் தரும் இடத்துக்கே போ

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்பு மகள் யாழினிக்கு,

கனடாவின் வான்கூவரிலிருந்து நீ எழுதியதை நானும் அம்மாவும் இரண்டு முறை வாசித்தோம். பழைய புகைப்படங்களுக்குப் பெயர்போன ஒரு காப்பகம் நான்கு மாதப் பயிற்சிக்குச் சம்பளமில்லாமல் வரச் சொல்கிறது. ஒரு நகராட்சியின் ஆவணப் பிரிவோ அதே நான்கு மாதத்துக்கு, படிப்பின் இடையே மாணவர்களை வேலைக்கு அனுப்பும் கோ-ஆப் திட்டத்தின் வழியாக, மணிக்கணக்கில் சம்பளம் தருவதாகச் சொல்கிறது. எதை ஏற்பது என்று கேட்டிருக்கிறாய். நகராட்சிக்குப் போ, அம்மா.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1986-இல் நூலக அறிவியல் பட்டம் முடித்த கையோடு நானும் நண்பன் காசியும் ஒரு கல்லூரி நூலகத்தில் சேர்ந்தோம். ஓராண்டு ஊதியமில்லாமல் இருந்தால் அனுபவச் சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள். புத்தகங்களுக்குச் சேர்க்கை எண் எழுதுவதும் முதுகில் சீட்டு ஒட்டுவதும் என் வேலை. அலமாரிக்குப் பின்னால் ஒரு பழைய பண்ணைவீட்டார் கொடுத்துவிட்டுப் போன கணக்குக் கட்டுகள் கிடந்தன. அவற்றைக் காசியால் மட்டுமே வாசிக்க முடிந்தது. மா, காணி, முந்திரி என்று நிலத்தைப் பின்னத்தில் எழுதும் பழைய குறிகளைத் தன் தாத்தாவிடம் கற்றவன் அவன். தாளில் விரல் படாமல், ஓர் ஈர்க்குச்சியைக் கிடையாகப் பிடித்து வரிவரியாக இறக்கிக்கொண்டே, "இது மும்மா, இது அரைக்காணி" என்று அவன் சொல்லச் சொல்ல, நான் பென்சிலால் எழுதிக்கொள்வேன். மூன்றாம் மாதம் அவன் வீட்டில் நெருக்கடி வந்தது. உரக்கடையில் கணக்கெழுதப் போய்விட்டான். என் அப்பாவுக்கு ஓய்வூதியம் வந்துகொண்டிருந்ததால் நான் அங்கேயே தாக்குப்பிடித்தேன், பிறகு நூலகரும் ஆனேன். அந்தக் கட்டுகளின் மேல் "பழைய கணக்குகள்" என்று ஒரு சீட்டு ஒட்டப்பட்டது; நான் விடைபெற்ற நாள் வரை வேறொரு வரியும் யாரும் எழுதவில்லை. எங்கள் இருவரில் அந்த வேலைக்குத் தகுந்தவன் அவன்தான் என்பது எனக்கு அன்றே தெரியும்.

நம் துறையின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதனை நினைத்துப் பார். கணித ஆசிரியராக இருந்த அவரை 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதலில் நூலகராக அமர்த்தியது. அதன் பிறகே பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பியது. அப்படிப் போய்வந்தவர்தான் 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதி வெளியிட்டார்.

நீ இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தொழிலாளர் விதியையும் பார்த்துக்கொள். பாடத்திட்டத்தின் பகுதியாகச் செய்யும் செய்முறைப் பயிற்சிக்கு அங்கே ஊதியம் தர வேண்டியதில்லை. ஆனால் இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் ஒருவர் செய்வது உண்மையில் வேலையாக இருந்தால், குறைந்தபட்ச ஊதியமாவது கொடுத்தாக வேண்டும். பாடமாக எடுக்கும் பயிற்சியை நான் குறைசொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஒருவர் இருந்தால் அதற்கு ஈடில்லை. அந்தக் காப்பகம் உனக்கு எழுதிய கடிதத்திலோ, எத்தனை படங்களை ஸ்கேன் செய்து பட்டியலிட வேண்டும் என்ற கணக்கு இருக்கிறதே தவிர, உனக்கு யார் கற்றுத் தருவார் என்று ஒரு சொல்லும் இல்லை. தேங்கிக் கிடக்கும் வேலையை முடிக்க அவர்களுக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே போனால் வாடகைக்கு என்ன செய்வாய்? படிப்புப் பருவத்தின்போது வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்று நீயே சொன்னாய். அதையும் ஒரு காப்பிக் கடையில் நின்று கழித்துவிட்டு வந்து படச்சுருளைக் கையில் எடுத்தால், கண் எப்படி நிற்கும்? மத்திய அரசின் பணத்தில் காப்பகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் மாணவர்களுக்குச் சம்பளம் தரும் யங் கனடா வொர்க்ஸ் திட்டம், அந்நாட்டுக் குடிமக்கள், நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்கள், அகதிகளாக ஏற்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு மட்டுமே. வெளிநாட்டு மாணவியான உனக்கு அதில் இடமில்லாதபோது, கைக்கு வந்த கோ-ஆப் வேலையை நழுவவிடாதே.

நகராட்சி வேலை சலிப்பூட்டும் என்று நீ தயங்குவது புரிகிறது. நம் ஊர் அலுவலகக் கோப்புகளில் ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். பத்தாண்டு, கே.டிஸ். மூன்றாண்டு, எல்.டிஸ். ஓராண்டு என்று குறிப்பார்களே, எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்ற அந்தத் தீர்மானம்தான் ஆவணத் தொழிலின் உயிர். அங்கே அதை மின்னஞ்சலுக்கும் கணினிக் கோப்புக்கும் செய்யக் கற்பாய். 1981-இலேயே ஆவணவியலுக்கென்று தனி முதுகலைப் படிப்பைத் தொடங்கிய பல்கலைக்கழகம் உன்னுடையது. மின்னணு ஆவணங்களை எப்படி நம்புவது என்று ஆராயும் இன்டர்பேரஸ் திட்டம் கிளம்பியதும் அங்கிருந்துதான். வகுப்பில் படித்ததை ஒரு நகரத்தின் குடிநீர்க் குழாய் வரைபடத்தின் மேல் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு இது.

கையெழுத்திடுவதற்கு முன் மணி நேரம், ஊதியம், மேற்பார்வையாளர் யார் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள். எந்தப் பெட்டியில் என்ன ஆவணம் என்று நீ தயாரிக்கும் பட்டியலில் உன் பெயர் இடம்பெறுமா என்றும் கேள். காப்பகத்துக்கு மறுத்து எழுதும்போது சம்பளமில்லாததுதான் காரணம் என்பதை மரியாதையாக, ஆனால் மறைக்காமல் எழுது. உனக்குப் பின்னால் விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைகளில் ஒரு காசியும் இருப்பான்.

புதன்கிழமைக்குள் பதில் தர வேண்டும் என்றாயே. செவ்வாய்க்கிழமை இங்கே இரவு எட்டரைக்குக் கூப்பிடு, உனக்குக் காலையாக இருக்கும். அந்த மறுப்புக் கடிதத்தை அனுப்புமுன் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டு.

உன் அப்பா