வண்டிப்பாதையும் நில உரிமையாளரும்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆஃப்ரோடு, அதாவது தார் போடாத கரடுமுரடான பாதைகளில் வண்டி ஓட்டும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நில உரிமையாளர்களிடமிருந்து வந்த புகார்களில் பெரும்பாலானவை கேட், சேறு, பாதையை விட்டு விலகிய சக்கரத் தடம் ஆகியவற்றைப் பற்றியவை. வண்டியே வரக் கூடாது என்றவர்கள் குறைவு. ஆகவே வழக்குகளை விட இவற்றுக்கே செயற்குழு அதிக நேரம் கொடுத்தது. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

கேட்டை எப்படிக் கண்டோமோ அப்படியே விட வேண்டும். திறந்து கட்டியிருந்தால் அதை மூடக் கூடாது. கால்நடைகள் தண்ணீருக்குப் போகும் வழி அதுவாக இருக்கலாம். வரிசையாகப் போகும்போதுதான் தவறு நடக்கிறது. முன் வண்டிக்காரர் திறந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார், மூட வேண்டியது தாம்தான் என்பது கடைசி வண்டிக்குத் தெரிவதில்லை. இனி திறந்தவரே அங்கு நின்று, கடைசி வண்டி கடந்ததும் மூடி, வயர்லெஸ்ஸில் சொன்ன பிறகே வரிசை நகர வேண்டும்.

பலருக்குச் சாவி உள்ள கேட்டில் சங்கிலியின் இரு முனைகளுக்கும் நடுவே பூட்டுகளை ஒன்றோடொன்று கோத்திருப்பார்கள். எந்தப் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விடுபடும். திரும்பப் பூட்டும்போது, முன்பு எந்தப் பூட்டின் வளையத்தில் நம் பூட்டு கோத்திருந்ததோ அதிலேயே மாட்ட வேண்டும். அவசரத்தில் சங்கிலியின் கண்ணியோடு கண்ணியைச் சேர்த்துப் பூட்டிவிட்டால் மற்ற பூட்டுகள் சும்மா தொங்கும். உரிமையாளர் கையில் சாவி இருந்தும் தன் நிலத்துக்குள் போக முடியாமல் நிற்பார். இந்த ஒரு செயலுக்காகவே பாதை அடைபடலாம். பூட்டியதும் ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது ஈரம். குதிகாலை ஊன்றினால் ஆழமாகப் பதியும் மண்ணில் வண்டி ஏறக் கூடாது. சக்கரம் தோண்டிய பள்ளம் வாய்க்காலாகிறது. குறுக்கே வடிய வேண்டிய நீர் பாதையின் நீளத்துக்கு ஓடி அரிக்கிறது. அடுத்து வருபவர் பள்ளத்தைத் தவிர்க்க ஓரத்தில் ஏறுகிறார், அதற்கடுத்தவர் இன்னும் தள்ளிப் போகிறார். ஒரு பாதை இப்படி மூன்றாகும்போது மற்ற இரண்டும் கிடப்பது அடுத்தவர் நிலத்தில். அங்கேதான் வேலி எழும்புகிறது.

சரிவில் நீரைக் குறுக்கே திருப்ப வெட்டும் தாழ்வைப் பாதைக்குச் செங்குத்தாக வெட்டக் கூடாது, சாய்கோணத்தில் வெட்ட வேண்டும். செங்குத்தாக இருந்தால் வண்டல் தங்கிச் சீக்கிரம் தூர்ந்துபோகும். அதன் வாய் புல்தரையில் திறக்க வேண்டும், பயிரில் அல்ல. பாதையின் வெளி ஓரத்தில் குவியும் மண்வரப்பை அகற்றாவிட்டால் எத்தனை தாழ்வு வெட்டினாலும் நீர் வெளியேறாது.

டயர் காற்றையும் கவனியுங்கள். சாலையில் 35 பிஎஸ்ஐ வைத்து ஓட்டும் டயரை 20 அளவுக்கு இறக்கினால் தரையைத் தொடும் பரப்பு நீளும், சக்கரம் சுழன்று மண்ணைப் பறிப்பது குறையும். 15க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழலலாம். தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி காற்று அடிக்க வேண்டும். சிக்கிய வண்டியை இழுத்து மீட்கும் விஞ்ச் கருவியின் கயிற்றை வேலிக் கம்பத்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள். மூலைக் கம்பம் சற்றே சாய்ந்தாலும் அந்த வரிசைக் கம்பி முழுவதும் தொய்ந்துவிடும். மரத்தில் கட்டுவதானால் அகலமான பட்டை வேண்டும்.

உரிமை குறித்து: செல்பேசி வரைபடத்தில் கோடு தெரிவதால் மட்டும் போகும் உரிமை வந்துவிடாது. பயனர்களே திருத்தும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாதை எப்படிப்பட்டது என்பது ஒரு குறிப்பு, யார் போகலாம் என்பது வேறொரு குறிப்பு. அத்துமீறிப் போன ஒருவர் இணையத்தில் ஏற்றிய தடத்தைப் பின்பற்றிப் பலர் வருவதுதான் இன்றைய பெரிய தொல்லை. அரசுப் பதிவேட்டில் பாதையின் வகையையும் அகலத்தையும் பார்த்த பிறகே பயணத் திட்டம் போடுங்கள்.

பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. 2006இல் வந்த சட்டத்தால், பதிவேட்டில் ஏறாத பழைய பாதைகளில் மோட்டார் வண்டி உரிமை, சில விலக்குகள் தவிர, ஒழிந்துபோனது. அமெரிக்காவில் 1866ஆம் ஆண்டுச் சட்டம் பொது நிலத்தில் சாலை உரிமை கொடுத்தது. 1976இல் அது நீக்கப்பட்டாலும் அதற்கு முன் உண்டான உரிமைகள் நிலைத்தன. எது முன்பே உண்டானது என்று நிறுவுவதற்காக யூட்டா மாநிலம் ஆயிரக்கணக்கான பாதைகளுக்கு நீதிமன்றம் ஏறியது. பழைய நில அளவை வரைபடம், சாலை பராமரிப்புக் கணக்கு, வான்படம் ஆகியவற்றை இப்போதே திரட்டி வைப்பது அவசியம்.

நில உரிமையாளரின் அச்சமும் நியாயமானதே. இன்று இசைந்தால் நாளை அது நிரந்தர உரிமையாகிவிடுமோ என்று அஞ்சுகிறார். இங்கிலாந்தில் 20 ஆண்டுகள் தடையின்றி, அனுமதி கேட்காமல் பொதுமக்கள் பயன்படுத்தினால் பொதுப்பாதையாகக் கருதப்பட இடமுண்டு. எழுத்து மூலம் அனுமதி கொடுத்தால் அந்தக் கணக்கு ஓடாது. அதனால் பதிவில்லாத பாதைகளுக்கு அனுமதிக் கடிதத்தை நாமே முன்வந்து கேட்கிறோம். ஆனால் ஏற்கெனவே பொது உரிமை உள்ள பாதைக்கு அப்படிக் கையெழுத்திடாதீர்கள். உரிமையே இல்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாக அதை நாளை காட்டுவார்கள்.

இன்னொரு அச்சம், விபத்து நடந்தால் இழப்பீடு யார் தலையில் விழும் என்பது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் கட்டணம் வாங்காமல் பொழுதுபோக்குக்கு நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பணம் வாங்கினால் அது பறிபோகலாம். ஆகவே பணமாகக் கொடுக்காமல் கேட் கீல், வேலிக் கம்பி, உழைப்பு என்று கொடுப்பதே நல்லது. அதற்கு முன் உள்ளூர்ச் சட்டத்தை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். ஈரம் காரணமாகப் பாதையை மூடச் சொல்லி உரிமையாளர் தகவல் அனுப்பினால், பொது உரிமை உள்ள பாதையாக இருந்தாலும் அன்றைய சங்கப் பயணம் ரத்து. பதிவேட்டில் சரிபார்க்காத தடத்தை இணையத்தில் ஏற்றும் உறுப்பினர் அதை நீக்கும்வரை சங்கப் பயணங்களில் கலந்துகொள்ள முடியாது.

இவண்,
செயலாளர்