வீட்டுக்கு வரும் வேண்டாத தபால்களை நிறுத்துவது குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள், ஒரு மாதம் வீட்டுக்கு வரும் தபால்களை ஓர் அட்டைப்பெட்டியில் சேர்க்கப்போகிறார்கள். எதை நிறுத்தலாம் என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

கிழித்துக் குப்பையில் போட்டால் அனுப்பியவருக்குத் தெரியாது. அடுத்த மாதமும் வரும். பழைய பேப்பர் கடைக்குப் போட்டாலும் முழுத் தீர்வு இல்லை. லேமினேஷன் செய்த அட்டையும், உறையில் முகவரி தெரிய ஒட்டிய பிளாஸ்டிக் படலமும் காகிதக்கூழில் கரையாது. நம் மாவட்டத்திலோ இரண்டு பருவமழையும் பெய்யும். திண்ணையில் அடுக்கியது நனைந்து பூஞ்சை பிடித்தால் கடைக்காரரும் வாங்கமாட்டார். அனுப்பும் இடத்திலேயே நிறுத்துவதுதான் வழி.

பத்திரிகை, நன்கொடை வேண்டுகோள், கடை விளம்பரம் போன்றவற்றில் முதலில் முகவரிச் சீட்டைப் பாருங்கள். சந்தா எண் அல்லது வாடிக்கையாளர் எண் அதில் இருக்கக்கூடும். சீட்டைப் போனில் படமெடுத்து, "இந்தப் பதிவை நீக்கவும்" என்று அவர்களுடைய மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். மின்னஞ்சல் இல்லையெனில் சீட்டை வெட்டி வெள்ளைத்தாளில் ஒட்டித் தபாலில் அனுப்பலாம். முகவரியைக் கையால் எழுதி அனுப்பினால் தவறு நேரும். பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டு இருக்கும். தலைப்பெழுத்தும் இடம் மாறும். ஒரே ஆள் இரண்டு பேராகப் பதிவாகியிருந்தால் ஒன்று நின்று மற்றது தொடரும். முன்பு குடியிருந்தவர் பெயரில் வருவதைப் பிரிக்காமல், "முகவரியில் இல்லை" என்றெழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

வங்கிக் கணக்கு அறிக்கையை மின்னஞ்சலுக்கு மாற்ற, நெட்பேங்கிங்கிலோ கிளையிலோ கேட்கலாம். மாற்றுமுன் அங்கே எந்த மின்னஞ்சல், எந்தப் போன் எண் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஏஜென்ட் அல்லது பிரவுசிங் சென்டர்காரர் தம்முடையதைக் கொடுத்திருக்கலாம். வளைகுடாவில் இருக்கும் மகனுடையதாகவும் இருக்கலாம். எல்.ஐ.சி. பிரீமியம் நோட்டீஸ் அப்படி வேறெங்கோ போய்விட்டால் கெடு தவறும். மாதத் தவணைக்குச் சலுகை நாள் 15 மட்டுமே, ஆண்டுத் தவணைக்கு 30. வீட்டுக் காலண்டரிலும் தேதியைக் குறித்து வையுங்கள்.

நீதிமன்றம், வங்கி, அரசு அலுவலகம் அனுப்பி, தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு தரும் தபாலை ஒருபோதும் மறுக்காதீர்கள். மறுத்தாலும் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பதில் சொல்லும் நாள்தான் கைநழுவும்.

புதிதாக வருவதற்குப் பெரும்பாலும் நாமே வழி திறக்கிறோம். ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் நாட்களில் நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் பரிசுக் கூப்பனில் எழுதும் முகவரி விளம்பரப் பட்டியலுக்குப் போகலாம். பில் போடப் போன் எண் கட்டாயம் என்று வற்புறுத்தக் கூடாதென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. தயங்காமல் மறுக்கலாம். விளம்பரக் குறுஞ்செய்திகளை நிறுத்த, ஆங்கிலத்தில் ஸ்டார்ட், ஓர் இடைவெளி, பூஜ்யம் என்று தட்டி 1909-க்கு அனுப்புங்கள். இதனால் தபால் நிற்காது.

பெட்டியில் சேர்ந்ததை எரிக்க வேண்டாம். பிளாஸ்டிக் படலத்தைப் பிரித்தெடுத்து, கணக்கு எண் உள்ள பகுதியைச் சிறுசிறு துண்டாகக் கிழித்தபின் மீதித் தாளைக் கொடுத்தனுப்புங்கள்.

பள்ளிச் சுற்றறிக்கைகளும் இனி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வரும். போன் வசதி இல்லாதவர்களுக்குத் தாளிலேயே தருவோம். பிள்ளையின் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்