மலடு என்று மாட்டை விற்றுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பின்னால் நிற்கும் இரண்டு மாடுகள்தான் இப்போது பிழைப்பு. இந்த வைகாசி வெயிலில் எங்கள் லயத்தில் இரண்டு பேர் மாட்டை விற்க விலை பேசுகிறார்கள். மூன்று தடவை சினை ஊசி (காளையில்லாமல் செயற்கையாகச் சினைப்படுத்துவது) போட்டும் சினை நிற்கவில்லை, மலடு என்று தரகர் சொன்னாராம்.

என் பிரீசியன் கலப்பு மாட்டையும் போன வருடம் அப்படித்தான் சொன்னார். பங்குனியிலிருந்து ஆனி வரை நான்கு ஊசி. ஒவ்வொரு தடவையும் 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வந்தது. மிருக வைத்தியர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கோளாறில்லை, வெக்கைதான் என்றார். மாட்டின் உடம்புச் சூடு 38.5 பாகை. அது ஒரு பாகை ஏறினாலே சினை பிடிப்பது குறையுமாம். ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று நாள் கரு சூட்டைத் தாங்காது. முட்டையும் கெடும், வெயில் தணிந்தும் அது சீராக ஒன்றிரண்டு மாதம் ஆகும். மலைநாட்டில் ஏது வெக்கை என்பீர்கள். நுவரெலியாவுக்குச் சரி, எங்கள் தகரக் கொட்டிலுக்குள் மத்தியானம் வந்து நின்று பாருங்கள்.

வெயில் காலத்தில் பருவத்துக்கு வந்த மாடு கத்துவதும் குறைவு, தாவுவதும் குறைவு. இரவு 10 மணிக்கும் விடிய 4 மணிக்கும் டோர்ச்சோடு போய்த்தான் பருவத்தின் அடையாளமாகச் சளி கண்ணாடி போல ஒழுகுவதைக் கண்டேன். (பாயையும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள் என்றாள் மனைவி.) அதுவும் சில மணி நேரம்தான். காலையில் கண்டால் மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. ஊசி போடுபவரோ உச்சி வெயிலில் வருகிறார், ஞாயிறென்றால் அதுவும் இல்லை. வெயில் மாதங்களிலாவது காலை, மாலை இரண்டு வேளையும், ஞாயிற்றுக்கிழமையும் ஆள் கிடைக்கப் பொறுப்பானவர்கள் வழி செய்ய வேண்டும்.

தகரத்தின் மேல் மானாப்புல் வேய்ந்தேன். தண்ணீரை நிழலுக்கு மாற்றி, இருட்டிய பிறகு தீனி போட்டேன். ஐப்பசி மழை விழுந்து, கார்த்திகையில் போட்ட ஊசியில் சினை நின்றது. அத்தனை மாதத் தீனி நட்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் கறிக்கு விற்ற காசில் இன்னொரு கறவை மாடு வாங்க முடியுமா?

இப்போது ஆறு மாதம். ஆவணியில் கன்று போடும். கடைசி இரண்டு மாதம் வெக்கையில் நின்றால் கன்று சிறுத்து, பாலும் குறையுமாம். கூரைக்கு இன்னும் இரண்டு கட்டு மானாப்புல் அறுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர் தொழிலாளி,
பசறை.