நடுவில் இருக்கும் ஒரு முழ ஷாஃப்ட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மலைத் தோட்டங்களுக்கு நான்கு சக்கரமும் இழுக்கிற டீசல் வண்டியை உள்ளூர்ப் பட்டறையிலேயே கட்டிக்கொள்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எஞ்சின், டயர், ஸ்பிரிங் பட்டை பற்றியெல்லாம் விவரமாக எழுதியவர், எஞ்சின் இழுப்பை முன், பின் ஆக்சில் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று வரும்போது மட்டும் ‘பழைய ஜீப்பிலோ ஜிப்ஸியிலோ கழற்றியதை வாங்கி மாட்டிக்கொள்ளலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியை நம்பி யாரும் வேலையை ஆரம்பித்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குப் பர்கூர் மலையில் கொஞ்சம் பூமி இருக்கிறது. தாமரைக்கரை வரை தார் ரோடு. அதற்கப்புறம் எங்கள் காட்டுக்குள் மண் தடம்தான், மழை பெய்தால் டிராக்டரே வழுக்கும். அந்தத் தடத்தில் ராகி மூட்டை இறக்குவதற்காகப் பழைய மினி லாரி சேசிஸ் ஒன்றை வாங்கி, நானும் என் மச்சானும் வண்டி கட்ட ஆரம்பித்தோம்.

நாங்களும் முதலில் மாருதி ஜிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கேஸைத்தான் பார்த்தோம். அது கியர் பாக்ஸோடு ஒட்டாமல் தனியாகத் தொங்கும், இரண்டையும் ஒரு சின்ன ஷாஃப்ட் இணைக்கும். அதனால் எந்த வண்டியிலும் பொருத்திவிடலாம் என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜிப்ஸியின் பெட்ரோல் எஞ்சின் தருவது சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை (டார்க்). முதல் கியர் அதை மூன்றரை மடங்குக்குச் சற்று மேலே பெருக்கினாலும், டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் போவது 400-க்குள்தான். எங்கள் டீசல் எஞ்சின் 225, முதல் கியர் 5 மடங்கு. 1125 உள்ளே போகிறது. கிட்டத்தட்ட மூன்று பங்கு. அந்தப் பல்லும் பேரிங்கும் எத்தனை நாள் தாங்கும்? தாங்கினாலும் இன்னொரு சிக்கல். ஜிப்ஸியில் ஹை (சாதாரண ஓட்டத்துக்கான நிலை) என்பதே நேர் ஒன்று கிடையாது, 1.409. அதிகமாகச் சுற்றும் பெட்ரோல் எஞ்சினுக்கு அது சரி. நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தாண்டாத டீசலில், 60 கி.மீ. வேகத்தில் போக வேண்டிய வண்டி 43-ஐத் தாண்டாது.

ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸான டானா 18 இரும்புப் பெட்டி. ஹை நேர் ஒன்று, லோ (மெதுவாக, அதிக இழுப்போடு போகும் நிலை) 2.46, பல்சக்கரமும் கெட்டி. ஆனால் அது கியர் பாக்ஸின் வால்மேலேயே உட்காருவது. அதிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் வெளித்தண்டு நடுவில் வராது, முன் ஆக்சிலுக்குப் போகும் தண்டு இருக்கும் அதே ஓரத்தில் வரும். ஜீப்பின் பின் ஹவுசிங்கில் (ஆக்சில் கூட்டில்) கிரவுன், அதாவது சக்கரங்களைச் சுற்றும் பெரிய பல்சக்கரம், ஓரமாக இருப்பது அதனால்தான். மினி லாரியின் பின் ஆக்சிலில் கிரவுன் நடுவில் இருக்கிறது. ஷாஃப்ட் கோணலாக ஓடி, அதன் மூட்டில் இருக்கும் கிராஸைத் தின்னும்.

ஆகவே ஆக்சிலைப் பார்த்த பிறகுதான் டிரான்ஸ்ஃபர் கேஸைத் தேட வேண்டும். முன் ஹவுசிங்கில் கிரவுன் இடது பக்கமா, வலது பக்கமா? முன்னும் பின்னும் ஒரே ரேஷியோவா? இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆக்சிலைத் தூக்கி வைத்து, சக்கரத்திலும் பினியன் பிளாஞ்சிலும் (ஷாஃப்டை முடுக்கும் வட்டத் தட்டிலும்) சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இரண்டு சக்கரத்தையும் சேர்த்து பத்துச் சுற்று சுற்றிப் பிளாஞ்ச் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணினால் போதும். எங்களுக்கு முன்னால் 58, பின்னால் 53 வந்தது. அப்படியே மாட்டியிருந்தால் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று இழுத்துச் சண்டை போட்டிருக்கும். கடைசியில் ராணுவ ஏலத்தில் போன ஒரு சிறிய லாரியிலிருந்து முன் ஆக்சில், பின் ஆக்சில், தனியாகத் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றையும் எடுத்தோம். கனம்தான், ஆனால் ஒன்றுக்கொன்று பழகினவை.

நாங்கள் தவறவிட்டது அதற்கடுத்த இடத்தில். கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் ஒரு முழ நீள ஷாஃப்ட் வேண்டும். ஒரு முனையில் மினி லாரியின் ஸ்ப்லைன் (தண்டின்மேல் நீளவாக்கில் வெட்டிய பற்கள்), மறுமுனையில் ராணுவ லாரியின் ஸ்ப்லைன். லேத்காரர் இரண்டு பழைய ஷாஃப்டை வெட்டி ஒட்டிவிடலாம் என்றார். “ஏனுங்க, வெல்டிங் வெச்சா கல்லாட்ட நிக்குமுங்க, பயப்படாதீங்க” என்றார். நாங்களும் சரி என்றோம்.

பதினோரு மாதம் நின்றது. ஒரு நாள் சாயங்காலம் இருபது மூட்டை ராகியோடு லோவில், இரண்டாவது கியரில் சரிவு இறங்கிக்கொண்டிருந்தேன். அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். உறுமிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று ஐடிலுக்கு இறங்கியது, வண்டி வேகமெடுத்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், ஒன்றுமே நடக்கவில்லை. அந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் டிரம் கியர் பாக்ஸின் வாலில் இருந்தது. அதற்குப் பின்னால் ஷாஃப்ட் இரண்டு துண்டு. நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் பிடிப்பு ஒரே நேரத்தில் போய்விட்டது. கால் பிரேக்கை மிதித்து இடது பக்க மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். மச்சான் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்.

துண்டுகளைக் கழுவிப் பார்த்தால், முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுத்திருந்தது, மீதிதான் பளபளவென்று புது முறிவு. மாதக்கணக்காக உள்ளுக்குள்ளேயே விரிசல் ஓடியிருக்கிறது.

இப்போது இருப்பது ஈ.என். 24 என்ற உறுதியான எஃகுக் கம்பியில் ஒரே துண்டாகக் கடைந்து, இரண்டு முனையிலும் ஸ்ப்லைன் வெட்டி, ஹீட் ட்ரீட்மென்ட் செய்தது. கோவை சிட்கோவில் செய்து கொடுத்தார்கள். ஒட்டுப்போட்டதைவிடப் பல மடங்கு செலவு. ஹேண்ட் பிரேக் டிரம்மை டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் வெளித்தண்டுக்கு மாற்றிவிட்டோம். லோவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தன்னையே முறுக்கிக்கொள்ளப் பார்க்கும் என்பதால், சேசிஸின் இரண்டு கிராஸ் மெம்பரில் (குறுக்குச் சட்டத்தில்) நான்கு ரப்பர் புஷ் போட்டுக் கட்டியிருக்கிறோம். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிக்குப் பி.டி.ஓ. பெட்டி (எஞ்சின் சக்தியை வேறு கருவிக்குத் திருப்பும் பெட்டி) கட்டிப் பழகிய ஒரு மேஸ்திரி சொல்லித் தந்த முறை அது.

சட்டத்தைப் பற்றியும் கட்டுரை வாய் திறக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக, உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. எங்கள் வண்டி எங்கள் காட்டுத் தடத்தைத் தாண்டுவதில்லை.

அடுத்த இதழில் இடம் இருந்தால், டிரான்ஸ்ஃபர் லீவரில் நியூட்ரல் என்று ஒன்று இருப்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். லாரி ஓட்டிப் பழகியவர்கள் சரிவில் முதல் கியரைப் போட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில் இருந்தால் அந்தக் கியர் எந்தச் சக்கரத்தையும் பிடிக்காது. எங்கள் வண்டியில் லீவருக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறோம், சக்கரத்துக்கு வைக்கக் கட்டை ஒன்றும் எப்போதும் சீட்டுக்கு அடியில் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அந்தியூர், ஈரோடு மாவட்டம்