வரும்போது புஸ்தகங்களையும் எடுத்து வா

பாறசாலை

கர்த்தருக்குள் பிரியமான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். பாளையங்கோட்டையில் நீயும் வீட்டாரும் சுகமென்று நம்புகிறேன். வெயில் தாங்கவில்லை, ரப்பர் வெட்டு நின்று ஒரு மாதமாகிறது. இடது கண்ணுக்குப் புரை ஆபரேஷன் முடிந்தது. கட்டு அவிழ்த்த பிறகும் கொஞ்ச நாள் எழுத்தைப் பார்க்கக் கூடாது என்றார்கள். அந்த நாட்களில் பேத்திதான் சாயங்காலம் வேதம் வாசித்தாள். அவளுக்கு மலையாள எழுத்துதான் தெரியும். பொருளெல்லாம் விளங்கியது. ஆனாலும் மனசு தமிழுக்கு ஏங்கியது, அம்மாச்சி ஞாபகமாகவே இருந்தது.

அம்மாச்சியை நீ பார்த்திருக்கிறாய். அவளுக்கு எழுத்து தெரியாது. நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்து எனக்கு ஓய்வுநாள் பள்ளியில் கிடைத்தது. எழுத்துக் கூட்டத் தொடங்கிய வாரமே, ராத்திரி ஜெபத்துக்கு இனி நான்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். மண்ணெண்ணெய் விளக்கை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, இருட்டில் உட்கார்ந்து ஓலை முடைவாள். விரல் தன்பாட்டுக்கு மடக்கிக்கொண்டு போகும். நான் ஒரு வரி விட்டால் அந்தச் சரசரப்பு நின்றுவிடும். ஒன்றும் பேச மாட்டாள். திரும்பப் போய் அந்த வரியை வாசித்த பிறகுதான் ஓலை அசையும். மத்தேயு முதல் அதிகாரத்தின் தொடக்கத்தில் வெறும் பெயர்களாக வருகிறதே, ஒருநாள் அதைத் தாண்டப் பார்த்தேன். "அவியளும் மனுசருதானே மக்களே, பேரச் சொல்லி வாசி" என்றாள்.

அவளுடைய அம்மைக்கு அம்மையின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எங்கும் எழுதி வைக்கவில்லை. சாதியைச் சொல்லி நம்மவர்களை எழுத்துப் பக்கம் அண்டவிடாத திருவிதாங்கூர் அது. 1806-ல் மிஷனெரி றிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து, சபைகளோடு பள்ளிக்கூடங்களையும் தொடங்கிய பிறகுதான் நம்மவர்களுக்கு வாசல் திறந்தது. அம்மாச்சிக்கு அதற்குள் நுழையக் கொடுத்துவைக்கவில்லை. என்னைப் பிடித்து உள்ளே விட்டாள். அதனால் வாசிப்பை என் சாமர்த்தியம் என்று எண்ண எனக்கு மனசு வருவதில்லை. கிருபை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

அந்தக் கிருபையில் உனக்கும் பங்கு உண்டு. களியக்காவிளை சந்தையில் நான் வாழைக்குலைகளோடு நிற்கும்போது, சைக்கிளில் கதைப் புத்தகங்களைக் கொண்டுவந்து தருவாயே! கதை வாசிக்கிற பையன் கெட்டுப்போவான் என்று சபையில் ஒருவர் அப்பாவிடம் சொன்னார். அன்றைக்கும் நான் அதை ஒப்பவில்லை, இன்றைக்கும் ஒப்பவில்லை. பவுல் அத்தேனே பட்டணத்தில் நின்று அந்த ஊர்ப் புலவர்களின் சொல்லையே எடுத்துப் பேசுகிறார். அறியாமலா பேசினார்? அடுத்த வீட்டுக்காரனின் துக்கம் என்னவென்று எனக்குச் சொல்லித் தந்தவை நீ தந்த கதைகள்தான்.

தமிழ் எழுத்தில் முதலில் அச்சான புத்தகம் ஒரு வேதபாடப் புத்தகம், 16 பக்கமே உள்ள 'தம்பிரான் வணக்கம்'. அது 1578-ல் அச்சானது, நம்ம ஊர் ரயில் போகிற அதே கொல்லத்தில். அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்வேன்.

வாசிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தை எடுத்தேன். சாவு பக்கத்தில் வந்துவிட்டது என்று தெரிந்த பவுல், சிறையிலிருந்து மேலங்கியைக் கேட்கிறார், கூடவே "புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும்" எடுத்து வரச் சொல்கிறார். அந்த வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன். மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர் என்றும் எழுதுகிறார்.

நானும் அதையேதான் கேட்கிறேன். இடவப்பாதி மழைக்கு முன்னே வா. பேத்திக்குத் தமிழ் எழுத்து தொடங்கியிருக்கிறேன். 'ழ'கரம் வரை வந்துவிட்டாள். பெரிய எழுத்தில் ஒரு அரிச்சுவடி வேண்டும். களியக்காவிளையிலும் கிடைக்கும்தான், ஆனால் அவளுக்கு அது உன் கையிலிருந்து வரட்டும்.

கிறிஸ்துவுக்குள் உன் நண்பன்