மேடைக்கு வராத பிள்ளைகளுக்காக

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற ஆண்டு தமிழ்ப் பள்ளி விழாவில், சாம்பார் சாதத் தட்டோடு வரிசையில் நின்ற என்னிடம் உங்களில் ஒருவர் கேட்டார்: "பையன் எந்த யூனிவர்சிட்டி?" "வீட்டுக்குப் பக்கத்திலேயேதான்" என்று சொல்லிவிட்டு அப்பளம் எடுக்க நகர்ந்துவிட்டேன். பக்கத்தில் ஸ்டான்ஃபோர்டும் இருக்கிறது. அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார், நானும் திருத்தவில்லை.

என் மகன் சேர்ந்திருப்பது இரண்டாண்டுக் கம்யூனிட்டி காலேஜ்.

கலிஃபோர்னியாவில் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. பாடங்களை யூனிட் என்ற அளவில் கணக்கிடுகிறார்கள்; மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்குக் கட்டணம் 46 டாலர். இரண்டாண்டுப் பட்டத்துக்கு வேண்டிய 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். நேராக நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தால், விடுதியில் ஒரு பருவம் தங்கவே அந்தப் பணம் போதாது. படித்ததைக் கணக்கில் வைத்து மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். டேவிஸ், இர்வைன், சாண்டா பார்பரா உள்ளிட்ட ஆறு யூ.சி. (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றியவர்களுக்கு இடத்தை உறுதியே செய்கின்றன. முடிவில் கையில் கிடைப்பது அதே பட்டம். நர்சிங் என்றால் மாறவே வேண்டியதில்லை. இரண்டாண்டுப் பட்டத்தோடு பதிவுபெற்ற செவிலியர் தேர்வை எழுதலாம். (அந்த வகுப்பில் இடம் பிடிப்பதுதான் பெரும்பாடு.)

இதைச் சுலபவழி என்று சொல்ல வரவில்லை. பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணத்தோடு சேர்பவர்களில் பெரும்பாலோர் மாறாமலே நின்றுவிடுகிறார்கள். உறுதிசெய்யப்பட்ட இடத்தை நம்பிக் கணினியியல் படிக்க நினைத்தால், எல்லா வளாகங்களிலும் அது செல்லாது. எந்தப் பாடத்தை எந்த வளாகம் ஏற்கும் என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் முதல் பருவத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். நாங்கள் பார்க்கவில்லை. ஆலோசகர் தலையாட்டினார், நானும் ஆட்டினேன். ஒரு பருவம் முழுக்கப் படித்த புள்ளியியல் பாடம், அவன் விரும்பிய பொறியியல் பிரிவில் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. கால்குலஸ் வரிசையும் ஒரு பருவம் தள்ளிப்போனது. சாப்பாட்டு மேசையில் அந்தப் பாடப் பட்டியலை அச்செடுத்துப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தபோது அவன் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

ஆகவே, தானே நாள்காட்டி போட்டு நடக்கத் தெரியாத பிள்ளையை, செலவு மிச்சம் என்பதற்காக மட்டும் அங்கே அனுப்பாதீர்கள். மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனையாகவும் அனுப்பாதீர்கள். நல்ல உதவித்தொகையோடு நான்காண்டு இடம் கிடைத்தால், தயங்காமல் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விழாக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை மேடைக்கு அழைத்துக் கல்லூரிப் பெயரோடு வாழ்த்துகிறீர்கள். "பெரிய கல்லூரி கிடைத்தவர்கள் பெயர் கொடுங்கள்" என்றுதான் சென்ற முறை அறிவிப்பு வந்தது. இந்த முறை அந்த முதல் மூன்று சொற்களை எடுத்துவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் அழையுங்கள். சென்ற முறை பெயர்கள் வாசிக்கப்பட்டபோது, என் மகன் வெளியே வேனில் மடக்கு நாற்காலிகளை ஏற்றிக்கொண்டிருந்தான்.

அன்புடன்,
அப்பளம் எடுக்கப் போன தந்தை