வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

மண்டூர்ப் பக்கம்,
2025.09.14

அன்புள்ள மச்சான்,

நாங்கள் எல்லாரும் சுகம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். சித்திரை வருசத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவன் நான்தான். ஏச வேண்டியதை இந்த இடத்திலேயே ஏசி முடித்துவிட்டு மேலே படி. கல்முனை என்ன கடல் கடந்தா இருக்கிறது? பாதையில் (மிதவைப் படகில்) ஏறி ஆற்றைக் கடந்து குருமண்வெளியில் ஒரு பஸ் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு உன் வீட்டு வாசலில் நிற்பேன். ஆனாலும் ஒரு வருசம் ஓடிவிட்டது. போனில் கதைக்கலாம் என்றால் உனக்கு வலது காது போய்விட்டது, இடது காது மச்சாளுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஆகவே கடிதம்.

செய்திகள்: மகளுக்கு இரண்டாவதும் பெண் பிள்ளை. எனக்கு முழங்கால் பிடிப்பு, மோட்டார் சைக்கிளை மருமகனிடம் கொடுத்துவிட்டேன். நம் கணக்கு சேர் போன மாதம் காலமானார். செத்த வீட்டில் நெட்டையன் உன்னைக் கேட்டான், ஆட்டுக்குட்டி விஷயத்தை அங்கேயும் எடுத்தான். சேர் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் முன்கதை இல்லாமல் அது விளங்காது.

உனக்கென்ன, நிம்மதியான ஆள். மே 6 இல் நாடு முழுக்க 339 உள்ளூராட்சி சபைகளுக்கு நாங்கள் வரிசையில் நின்று புள்ளடி போட்டபோது உன் மாநகர சபை வழக்கில் தொங்கியது. கரைவாகு வடக்கு, தெற்கு, மேற்கு, பட்டின சபை என்று நாலாக இருந்ததை 1987 இல் ஒன்றாக்கினார்கள். அதைத் திரும்ப நாலாக்கு என்று ஒரு குரல், சாய்ந்தமருதைத் தனியாக்கு என்று இன்னொரு குரல், கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்து என்று உன் பக்கத்துக் குரல். எல்லைக் கோடு என்றாலே உங்கள் ஊரில் மூன்று பேருக்கு நாலு அபிப்பிராயம். இத்தனை நாளும் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது அதே வியாதி எனக்கும் தொற்றிவிட்டது.

போன மாதம் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒரு கூட்டம். வட்டார எல்லைகளை இனி எப்படியும் மாற்றத்தான் போகிறார்கள், அதற்கு முன் ஊரின் யோசனையை நாமே எழுதி வைத்துக்கொள்வோம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். நல்ல யோசனைதான். ‘பழைய ஜீ.எஸ். ஐயா இருக்கிறார், வரைபடம் அவருக்கு அத்துப்படி’ என்று பொறுப்பைத் தூக்கி, முன்னாள் கிராம சேவகனான என் தலையில் வைத்துவிட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். ஓய்வெடுத்து மூன்று வருசமாக ஒருவரும் என் கையெழுத்தைக் கேட்டு வரவில்லையே!

அன்றிரவே பழைய கலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பேத்தியின் கலர்ப் பென்சில்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் இருந்து குளங்களுக்கு நீலம் தீட்டினாள். கேளாமலே ஒரு மூலையில் யானையும் வரைந்தாள். யானையின் இடம் மட்டும் சரியாக விழுந்திருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த உள்ளூராட்சித் தேர்தல் முறையின் கணக்கு உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், எழுதினால்தான் எனக்கே தெளிகிறது. 2012 இல் சட்டத்தைத் திருத்தி வட்டாரத்தில் வெல்பவர்களுக்கு 70 வீத ஆசனம், கட்சிப் பட்டியலுக்கு 30 வீதம் என்று வைத்தார்கள். 2017 இல் அதை 60க்கு 40 ஆக்கினார்கள். 2018 பெப்ரவரி 10 இல்தான் முதல் தடவை இப்படி வாக்களித்தோம். போடுவது ஒரே புள்ளடி, அதுவும் கட்சிக்கு. வட்டாரத்தில் நிற்பவரின் பெயர்கூட வாக்குச்சீட்டில் கிடையாது. கட்சி மொத்தமாக எடுத்த வாக்கைப் பார்த்து அதற்குரிய ஆசனத்தைப் பிறகு கணக்குப் பார்ப்பார்கள். 16 பேர் கொண்ட ஒரு சபை என்று வை. 10 வட்டாரம், 6 பட்டியல். ஒரு கட்சி 40 வீதம் எடுத்தால் அதற்குரியது 6 ஆசனம். ஆனால் எதிர்த்தரப்பு நாலாகச் சிதறியதால் அதே கட்சி 9 வட்டாரத்தில் வென்றுவிடுகிறது. வென்றவரை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? முடியாது. மற்றவர்களின் பங்கையும் வெட்ட முடியாது. ஆகவே சபை 19 ஆக வீங்கிவிடும். முன்பு நாடு முழுக்க 4,500 பேரளவில் இருந்த உறுப்பினர்கள் 2018 இல் 8,300ஐத் தாண்டியது இப்படியெல்லாம்தான். எங்கள் சபையில் கதிரை வாங்கவே வரிப்பணம் போதாது என்று நெட்டையன் சொல்வான், அவன் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான்.

கூடிப்போனதைக் குறைக்கத்தான் 2022 இல் முன்னாள் தேர்தல் ஆணைக்குழுத் தலைவர் மகிந்த தேசப்பிரிய தலைமையில் ஒரு குழு வைத்தார்கள். 2023 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தார்கள். ஏறக்குறையப் பாதியாக்கு என்பது சாரம். அது அப்படியே இருக்கிறது, இந்த மே மாதமும் பழைய வட்டாரங்களில்தான் வாக்களித்தோம். மாகாண சபையின் எல்லைக்கு நடந்தது இதைவிட வேடிக்கை. முன்னாள் நில அளவையாளர் நாயகம் தவலிங்கம் தலைமையிலான குழு எல்லை பிரித்துக் கொடுத்தது. 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் அதற்கு ஆதரவாக ஒரு கை எழும்பவில்லை, கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! எங்கள் கிழக்கு மாகாண சபை கலைந்தது 2017 செப்டெம்பர் 30 இல். இந்த மாதத்தோடு எட்டு வருசம். கோடு சரியில்லை என்பதற்காகத் தேர்தலையே நிறுத்திவைத்த நாடு இது.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். பெரிய ஊர், அதோடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னக் குடியிருப்பு, இரண்டும் சேர்ந்து ஒரு வட்டாரம். ஊரில் 640 குடும்பம், குடியிருப்பில் 90. அவர்கள் 1978 சூறாவளிக்குப் பிறகு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். நீ சங்கிலி பிடித்து அளக்க வந்தபோது உனக்கு மோர் தந்த கிழவியின் சனம்தான். தேர்தல் இரண்டு முடிந்துவிட்டது, அங்கிருந்து ஒருவர் நின்று வென்றதில்லை, இனியும் வெல்ல மாட்டார். 640க்கு முன்னால் 90 என்ன செய்யும்? எந்தக் கட்சியும் வேட்பாளரைப் பெரிய ஊரில்தான் தேடும், அதில் தப்பும் இல்லை. வென்று வருபவர் நல்ல மனுசராகவே இருந்தாலும் கோயிலடி, பள்ளிக்கூடத்தடி, சந்தி என்று விளக்குப் போட்டு முடிவதற்குள் நாலு வருசம் போய்விடும்.

கூட்டத்துக்குக் குடியிருப்பிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். கடைசிவரை ஒன்றும் கதைக்கவில்லை. முடியும் நேரத்தில் எழும்பி வந்து, பையிலிருந்து ஒரு பல்பை எடுத்து மேசையில் வைத்தார். பியூஸ் போன பல்பு, உள்ளே கறுத்திருந்தது. “இது நாங்க காசு சேர்த்து வாங்கிப் போட்டது, தம்பி. இதுவும் போயிட்டு. யானை வந்தா இனி வெடிதான். வெடியும் எங்களுக்குக் கடைசியாத்தான் வரும்” என்றார். அவ்வளவுதான், போய்விட்டார். பல்பை ஒருவரும் தொடவில்லை. எழுந்து போகும்போது தலைவர்தான் அதை எடுத்துத் தன் அலுமாரிக்குள் வைத்தார்.

அதன் பிறகு கலண்டர் தாளில் ஒரு கோடு போட்டேன். குடியிருப்பைப் பெரிய ஊரிலிருந்து பிரித்து, அதற்கு அடுத்தாற்போல் இருக்கும் 210 குடும்பத்தோடு சேர்த்தேன். அவர்களும் யானைக்குப் பயந்தவர்கள், இருவருக்கும் குளம் ஒன்று, கிரவல் ரோட்டும் ஒன்று. பிள்ளைகள்கூட ஒரே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறார்கள். மொத்தம் 300 குடும்பம், தனி வட்டாரம். பார்க்க அழகாக இருந்தது. பேத்தி அந்தப் பகுதிக்குச் செம்மஞ்சள் தீட்டினாள்.

அடுத்த கூட்டத்தில் தாளை விரித்தேன். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் (உனக்குத் தெரியும், கபடியில் உன் பல்லை ஆட்டியவர்) கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்: “அங்கே 300 குடும்பத்துக்கு ஒரு உறுப்பினர், இங்கே 640க்கு ஒருவர். அப்படியென்றால் என் வாக்கின் பெறுமதி அரைவாசியா, ஐயா?”

எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டதில் பிழை எங்கே இருக்கிறது? ஒருவருக்கு ஒரு வாக்கு என்றால் எல்லா வாக்கும் ஒரே நிறை இருக்கத்தான் வேண்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் நாலு ஒழுங்கைக்குள் ஒரு வட்டாரம் முடிந்துவிடும், உறுப்பினர் சாரத்தோடு நடந்தே எல்லா வீட்டையும் பார்த்துவிடலாம். மேற்கே எங்கள் படுவான்கரையில் வயலையும் குளத்தையும் காட்டையும் சுற்றினால்தான் அதே அளவு சனம் சேரும். தலையை எண்ணினால் மட்டும் போதாது என்று நான் சொன்னேன். அப்படியென்றால் எதை எண்ணுவது, மாட்டையா என்று அவர் கேட்டார். சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் இரவு நித்திரை வரவில்லை.

1977 பொதுத் தேர்தலை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நாம் அப்போது வாக்களிக்கும் வயதில்லை, ஆனால் கொடி கட்டத் திரிந்தோமே. மட்டக்களப்பும் பொத்துவிலும் இரட்டை அங்கத்தவர் தொகுதிகள். மட்டக்களப்பில் இராசதுரையும் பரீத் மீராலெப்பையும், பொத்துவிலில் ஜலால்தீனும் கனகரத்தினமும் சேர்ந்து வந்தார்கள். எல்லைக் கோட்டை எங்கே போட்டாலும் யாரோ ஒரு பகுதி வெளியே தள்ளப்படும் என்று தெரிந்த இடத்தில், கோடு போடாமல் கதிரையை இரண்டாக்கினார்கள். இப்போதைய சட்டத்திலும் பல அங்கத்தவர் வட்டாரம் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் இனம் கலந்த இடங்களுக்கு. எங்களைப்போல ஒரே சனத்துக்குள் பெரிய ஊர், சின்ன ஊர் என்று வரும்போது யாரும் அப்படி யோசிப்பதில்லை. கோயிலில் யோசிக்கிறோமே மச்சான்! குடிக்கொரு (தாய்வழி வம்சத்துக்கொரு) வண்ணக்கர், அதாவது கோயில் நிருவாகி, வைக்கிறோம், எங்கள் குடியில் ஆள் கூட, உங்கள் குடியில் ஆள் குறைவு என்று யாராவது தலை எண்ணியிருக்கிறார்களா? இதை அடுத்த கூட்டத்தில் சொல்லப்போகிறேன். வங்கிக்காரர் அதற்கும் ஏதாவது வைத்திருப்பார். கோயிலிலும் குடிக்கு வெளியே நிற்பவனைக் கேட்டாயா என்பார். கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

இனித்தான் சொல்ல வந்தது.

2013 அளவில், வட்டாரம் பிரிக்கிற வேலைக்காக எங்களிடமும் விபரம் கேட்டு ஒரு தாள் வந்தது. உன் பிரிவின் எந்தப் பகுதியாவது அடுத்த பக்கத்தோடு சேர்வது பொருத்தமா என்று ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமைக்குள் திருப்ப வேண்டும். மார்கழி மழை, கிரவல் ரோட்டில் முழங்கால் தண்ணீர். வாய்க்கால்தான் எல்லை என்று பழைய வரைபடத்தில் இருந்தது. அந்த வாய்க்கால் 2011 தை வெள்ளத்தில் மண் மூடிப் போனது எனக்குத் தெரியும். குடியிருப்புச் சனம் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து ஊரோடுதான் புழங்குகிறது என்பதும் தெரியும், நான்தானே வாக்காளர் பதிவுக்கான பீசீ படிவம் கொண்டு வீடு வீடாகத் திரிந்தவன். ஒரு தடவை போய், “உங்களுக்கு எந்தப் பக்கம் விருப்பம்” என்று கேட்டிருந்தால் போதும். போகவில்லை. தேநீர்க் கடையில் குந்திக்கொண்டு ‘மாற்றம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டேன். எழுத ஒரு நிமிசம் எடுத்திருக்காது.

என் தாளை மேலே யாராவது வாசித்தார்களோ, வாசிக்காமலே கோடு போட்டார்களோ, அது வேறு கதை. அந்த அக்கா பல்பை மேசையில் வைத்தபோது தெரிந்தது எனக்கு அந்த இரண்டு சொல்தான். கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், வரைபடத்தைப் பற்றித்தான் கதைத்தேன். எல்லாரும் என்னைப் பெரிய அறிவாளி மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீ எனக்கு ஒரு உதவி செய். உன் அலுமாரியில் அந்தப் பழைய அங்குல வரைபடம் இருக்கும், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. வாய்க்கால் முதலில் எந்த வழியாகப் போனது என்று பார்க்க வேண்டும். மூடிப்போன வாய்க்காலை எல்லை என்று இனியும் சொல்ல முடியாது என்று எழுத அது ஒரு ஆதாரம். தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. வந்தால் இருவரும் குடியிருப்புக்குப் போவோம். தனியாகப் போக எனக்குக் கூச்சமாக இருக்கிறது, உண்மையைச் சொன்னால் பயமாகவும் இருக்கிறது. நீ பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். அந்தக் கிழவி இப்போது இல்லை, மகள் இருக்கிறா. அன்று பல்பு கொண்டுவந்தது அவதான்.

அடுத்த ஞாயிறு வா. மச்சாளையும் கூட்டி வா, சட்டித் தயிர் எடுத்து வைக்கிறேன். வெள்ளெனப் பாதை ஏறு, பொழுது பட்ட பிறகு அந்த ரோட்டில் யானை நிற்கும். வருகிறாயா இல்லையா என்று மச்சாளிடம் சொல்லிப் போன் எடுக்கச் சொல், நீ எடுத்தால் நான் கத்த வேண்டும்.

உன்,
பழைய ஜீ.எஸ்.

பி.கு.: நெட்டையனும் வருகிறான். ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். நம்பாதே.